மூன்றாம் மாடிக் கிளை

இரவு பத்து முதல் காலை ஆறு வரை
அமைதி காக்கவும் என்று
படிக்கட்டுப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள்.
அந்த எட்டு மணி நேரமும்
நான் தம்பெரே ரொட்டி ஆலையில்,
ரை மாவுக்குள் முழங்கை வரை.
என் இரவு
காலை ஏழுக்குத்தான் தொடங்குகிறது.

ஏழு பத்துக்குச் சாவி போடுகிறேன்.
ஏழு பதினொன்றுக்குக்
கீழ்வீட்டு ரெமு ஆரம்பிக்கிறது.

எண்ணிப் பார்த்திருக்கிறேன்.
நிமிடத்துக்கு நூற்று நாற்பது.
தையல் இயந்திரம் ஒன்று
தலையணை ஓரத்தை
மடித்து அடித்துக்கொண்டே போகிற மாதிரி.

குரைக்கிற நாய் கடிக்காது என்று
எங்கள் ஊரிலும் சொல்வார்கள்.
சொன்னவர் எவரும்
இரவு வேலைக்குப் போனதில்லை.

காதில் பஞ்சு வைத்தேன். மெழுகு வைத்தேன்.
சோபாவைக் குளியலறை வாசல்வரை இழுத்துப்போய்
அங்கே படுத்தேன்.
குடியிருப்பு மேலாளர் தொலைபேசியில் சொன்னார்:
"குறிப்பு எடுங்கள். தேதி, மணி, எத்தனை நிமிடம்.
அப்புறம் பார்க்கலாம்."

எடுத்தேன்,
மாவுக் கணக்கு நோட்டில், பின்பக்கத்திலிருந்து.

நவம்பர் ஒன்பது. 7.11 முதல் 7.52.
புரண்டு படுத்தேன், மறுபடி 8.05.
பத்து. தண்ணீர் குடிக்க எழுந்தேன். 9.30.
பதினொன்று. இருமினேன். உடனே.
பன்னிரண்டு, விடுமுறை, வெளியே போகவேயில்லை.
பக்கம் போதவில்லை.
பதின்மூன்று. நல்ல அமைதி.
கரண்டி கை தவறி விழுந்தது. 11.40.

பதினாலாம் தேதி
நோட்டை முதலிலிருந்து படித்தேன்.
நாயின் குற்றப்பட்டியலாக அது இல்லை.
என் வீட்டுக்குள் நான் நடந்த நடையெல்லாம்
நிமிடச் சுத்தமாக இருந்தது.
இந்தக் கட்டடத்துக்கு வந்த மூன்று வருடத்தில்
எனக்கு இவ்வளவு காது கொடுத்தவர்
வேறு யாருமில்லை.

ஆனாலும் கோபம் கோபம்தான்.
சனிக்கிழமை, சவுனா முறை மாறும் நேரம்,
அடித்தள நடையில் இல்மாரியை மடக்கினேன்.
லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். ஈரத் தலை, கையில் வாளி,
ஓட இடமில்லை.
அண்டைவீட்டாரோடு பேசுவதென்றால்
இங்கே பல் பிடுங்குவதற்கு அடுத்த படி.
நோட்டை நீட்டினேன்.
அவன் அதற்குள் ஒளிந்துகொண்டான்.
நின்றபடியே நான்கு பக்கமும் படித்தான்.
தோளிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

"அண்ணனுடைய வேட்டை நாய்," என்றான்.
"அவன் ஒஸ்லோவுக்குப் போய்விட்டான்.
கிளையில் பறவை இருந்தால்
மரத்தடியில் நின்று குரைக்கும்.
பறவை பறக்க மறந்து
அதையே பார்த்துக்கொண்டிருக்கும்.
வேட்டைக்காரன் வந்து சேரும்வரை
நிறுத்தக்கூடாது. அதற்குத் தெரிந்த ஒரே வேலை."

வாளியை மறு கைக்கு மாற்றினான்.
"நீங்கள்தான் அதன் பறவை என்று நினைக்கிறேன்.
மன்னிக்கணும்."

எழுபத்தெட்டு கிலோ.
இடது முழங்காலில் வலி.
புருவத்தில் மாவு.
காட்டுக்கோழி.

இப்போது அவன் வேலைக்குக் கிளம்பும்போது
வானொலியைப் போட்டுவிட்டுப் போகிறான்.
நாயின் படுக்கை சமையலறைக்கு நகர்ந்துவிட்டது.
நான் கம்பளிக் காலுறை, இரண்டு அடுக்கு.
பாதி சரியாயிற்று.
மீதிப் பாதியில்
வானிலை வாசிப்பவரோடு ரெமுவுக்குத் தகராறு.

நேற்று ஏழு பத்து. சாவி போட்டேன்.
ஏழு பதினொன்று.
ஏழு பன்னிரண்டு.
பூட்ஸைக் கழற்றாமல் நின்றேன்.
பனி உருகித் தரையில் குளம் கட்டியது.
ஏழு இருபது. உடம்பு சரியில்லையோ?
ஒஸ்லோவுக்கே அனுப்பிவிட்டானோ?
படுத்தேன். தூக்கம் கிட்டேயே வரவில்லை.

எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்து
பெரிய கரண்டியாகப் பார்த்து எடுத்தேன்.
காலுறையில்லாத பாதத்துக்குப் பக்கத்தில்,
வெறும் தரையில்,
விட்டேன்.

கீழே நகங்கள் வழுக்கும் சத்தம்.
எழுந்து நிற்கும் சத்தம்.
பிறகு
நூற்று நாற்பது.

சரி என்று போர்வையை இழுத்துக்கொண்டேன்.
வேட்டைக்காரன்
இன்னும் வந்து சேரவில்லை.